தங்கச்சிமடத்துக் கிணற்றில் இரண்டு ஹெச்பி

செல்வமேரி அக்கா ஒரு செம்புத் தண்ணீரை என் கையில் கொடுத்து, "குடிச்சுப் பாருங்க தம்பி" என்றார். ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டேன். கடல் தண்ணீருக்குக் கொஞ்சம்தான் தேவலை. அவர் வீட்டுக் கிணற்றில் நாங்கள் பம்பு மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"இந்தத் தெருவே இதத்தான் தம்பி குடிக்குது" என்றார். கிணறு வற்றிப் பார்த்திருக்கிறேன். இனித்த கிணறு உப்பாக மாறியதை அதுவரை பார்த்ததில்லை.

தங்கச்சிமடம் இருக்கும் தீவுக்குக் கரண்ட் வந்த புதிது அது. நான் ராமநாதபுரத்தில் ஒரு பம்புக் கடையில் ஃபிட்டர். அக்காவின் கணவர் ஞானப்பிரகாசம் சம்மாட்டி, அதாவது படகும் வலையும் சொந்தமாக வைத்திருப்பவர். கொழும்பில் யாரோ வீட்டு மாடியில் ஷவரில் குளித்துவிட்டு வந்து, தானும் மாடி கட்டி ஷவர் வைத்தார். கைப்பம்பில் அடித்து நிரப்பும் தொட்டி அந்த மாடிக்கூரை மேலேயே உட்கார்ந்திருந்தது. உயரம் இல்லாமல் பிரஷர் எங்கிருந்து வரும்?

"ஷவரா அது? சளி புடிச்ச மூக்கு மாதிரி ஒழுகுது. நல்லா ஃபோர்ஸா அடிக்கிற பம்பாக் குடுங்க" என்று கடையில் வந்து நின்றார்.

என் முதலாளி கமுதிக்காரர், நானும் அந்தப் பக்கம்தான். மிளகாய்த் தோட்டத்துக் கிணறுகளோடு வளர்ந்தவர்கள். ஆழமாக இறக்கு, பெரிதாக உறிஞ்சு, எங்களுக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். முதலாளி சொன்னார்: "ரெண்டு ஹெச்பியாப் போட்டுருவோம் சம்மாட்டியாரே. டேங்கே வேணாம், கிணத்துலருந்து நேரா ஷவருக்கு. முதுகுத் தோல் உரிஞ்சுரும்!" சம்மாட்டி குளிர்ந்துபோனார்.

உறிஞ்சு குழாயின் அடிவாயில் மாட்டும் ஃபுட் வால்வை நான் கிணற்றில் இறக்கும்போது அக்கா பதறிக்கொண்டு வந்தார். "அம்புட்டு ஆழத்துலயா போடுவீக? நாங்க வாளியக்கூட முங்க விடமாட்டோமே, மேலாப்புலதான மொள்ளுவோம்."

உண்மைதான். அந்தத் தெருப் பெண்கள் வாளியைச் சாய்த்து மேல்தண்ணீரை மட்டும் அள்ளினார்கள். ஒரு வீடு அள்ளியதும் கிணற்றைச் சற்று ஆறவிட்டுத்தான் அடுத்த வீடு. ஏதோ நேர்ச்சை போலிருக்கிறது என்று நினைத்தேன். "மேல நின்னா பம்பு காத்த இழுத்துரும்க்கா" என்று சொல்லி அடிவரைக்கும் இறக்கினேன்.

ஷவரைத் திறந்ததும் மாடியே அதிர்ந்தது. சம்மாட்டி ஈரத்தோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டார். சொந்தக்காரர்கள் எல்லாம் வரிசையில் நின்று குளித்தார்கள்.

அக்கா அந்தச் செம்பை நீட்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது: தீவு மணலுக்கு அடியில் கிடப்பது கடல்நீர். மழைநீர் அதன்மேல் பாலாடை போலப் படர்ந்து நிற்கிறது. எங்கள் பம்பு ஆடையைத் தின்று தீர்த்துவிட்டு அடியில் கிடந்த உப்பை மேலே இழுத்துவிட்டது. விஷயம் கேள்விப்பட்டு வந்த முதலாளி, "ஏலே, கிணறு இப்படியுமாடா கெட்டுப்போகும்?" என்று என்னையே கேட்டார்.

பம்பைக் கழற்றினோம். கிணறு உடனே தேறவில்லை. குடத்தோடு வந்த பெண்கள் ஒரு வாய் சுவைத்துவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பினார்கள். எதிர்வீட்டு மதலேனாள் மட்டும், "நீங்க குளிச்சுட்டீக. நாங்க எதக் குடிக்க?" என்று கேட்டாள். அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருக் கிணற்றில் கடைசி ஆளாகப் போய் நின்றார்.

ஐப்பசி மழைக்குப் பிறகுதான் தண்ணீர் திரும்பியது. இந்த முறை தொட்டியைச் செங்கல் தூண் கட்டி உயர்த்தினோம். அதை நிரப்ப ஒரு சின்ன பம்பு. ஃபுட் வால்வை ரப்பர் ஹோஸில் மாட்டினேன். அது மேல்தண்ணீரிலேயே நிற்கும்படி வலை மிதப்பில் கட்டச் சொன்னது சம்மாட்டிதான்.

"இப்ப ஷவருல பிரஷர் வரும்க்கா" என்றேன்.

"அது கெடக்கட்டும் தம்பி. தண்ணி திரும்பிருச்சு. மதலேனா இன்னும் எங்கிட்டப் பேச வரலயே."

தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். பம்புக்குத் தண்ணீர் வந்து விழும் டெலிவரி பக்கம் ஒன்று, உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் பக்கம் ஒன்று. வாங்க வருபவர் டெலிவரியைப் பற்றி மட்டும்தான் பேசுவார். சக்‌ஷன் பக்கம் யார் யார் குடத்தோடு நிற்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஹெச்பி சொல்லுங்கள்.