ஐம்பத்தெட்டுத் தீப்பெட்டிகள்

எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, சாரல் காலம். தென்காசியில் ஒரு டாக்டர் தன் டிஸ்பென்சரியின் பின்னறையை எனக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். ஒரு மேஜை, கல்லூரியில் இரவல் வாங்கிய மைக்ராஸ்கோப், கண்ணாடிக் குழாய்கள், ஒரு மூட்டை கல்லுப்பு. வெறுங்காலோடு சேற்றில் நிற்கும் நடவுப் பெண்களில் எத்தனை பேருக்குக் கொக்கிப்புழு இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. பாதத்தில் நுழைந்து குடலில் தொங்கி ரத்தம் குடிக்கிற புழு அது. அறுபது பேரின் மலம் வேண்டும். கிடைத்தால் பட்டம், இல்லாவிட்டால் இன்னொரு வருஷம்.

காலித் தீப்பெட்டிகளில் எண் போட்டு வயலில் கொடுத்தேன். காலையில் வரப்பில் வரிசையாக வைத்திருப்பார்கள். பிறகு எல்லாம் கைகளின் பாடு. உப்புத் தண்ணீரில் கரை, குழாயை விளிம்புவரை நிரப்பு, மேலே கண்ணாடிச் சில்லை வை, காத்திரு. புழுவின் முட்டைகள் மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டும். பார், எழுது, கழுவு. மூன்றாம் நாளே மூக்கு செத்துவிட்டது. சாயங்காலம் பஸ் ஏறிப் போய் குற்றாலத்தில் அருவிக்கடியில் நிற்பேன். அத்தனை தண்ணீரும் வேறு யார் தலையிலோ விழுவதுபோல இருக்கும்.

ஐம்பத்தெட்டு ஆயிற்று. ஒரு கொக்கிப்புழு முட்டைகூட இல்லை. எல்லாம் பிள்ளைகள் வயிற்றில் இருக்கிற நாக்குப்பூச்சியின் முட்டைகள். இல்லை, இல்லை, இல்லை என்று பட்டியலில் எழுதிக்கொண்டே போனேன். ஏன் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஐம்பத்தெட்டாவது, நடவுக்கு ஆள் கூட்டிவரும் அக்காவின் பெட்டி. நாற்பது வயதிருக்கும், உதடுவரை வெளுத்திருப்பாள். அவள் குழாயின் அடியில் பயறளவு சிலேட்டுக் குச்சித் துண்டு கிடந்தது.

மறுநாள் வயலுக்குப் போனேன். "அக்கா, உங்களுக்குச் சிலேட்டுக் குச்சி திங்குத பழக்கம் உண்டா?"

நாற்றுமுடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "ஏட்டி, இங்கன வாங்க! தம்பி கண்டுபுடிச்சிட்டாரு!"

"என்னத்தக்கா?"

"பெறகு? எங்களுதயா பெட்டியில வச்சு ஆம்பளப் பிள்ளை கையில குடுப்போம்? வெக்கமா இருக்காதா? சின்னவன் ஒண்ணாப்பு படிக்கான்லா, அது அவனுது."

"மத்தவங்க?"

"எல்லாவளும் அப்படித்தான். அந்தா அவளுக்குப் பிள்ளை இல்ல. பக்கத்து வீட்டுல கடன் வாங்கிட்டு வந்தா!"

வரிசை முழுக்கக் குனிந்தபடியே குலுங்கியது. அக்காவுக்கு மட்டும் சிரிப்பு பாதியில் மூச்சிரைப்பாக மாறியது. வரப்பில் உட்கார்ந்தாள். கீழிமையை இழுத்துக் காட்டச் சொன்னேன். உள்ளே சிவப்பே இல்லை.

"இன்னும் ரெண்டு பெட்டிதான வேணும்? நாளைக்கே தாரோம், போங்க" என்றாள்.

இரண்டும் வந்தால் பட்டியல் நிறைந்துவிடும். யாருக்கும் தெரியப்போவதில்லை. பேராசிரியரும் சீக்கிரம் முடித்து அனுப்பு என்றுதான் எழுதியிருந்தார்.

"உங்களுது வேணும்க்கா. ஆராய்ச்சிக்கு இல்ல, உங்களுக்கு மருந்து குடுக்க."

காலில் ஒட்டிய சேற்றை வழித்தாள். "பாத்துட்டு சிரிக்க மாட்டீகளே?"

காலையில் பெட்டியை வாழையிலையில் பொதிந்து டிஸ்பென்சரிப் படியில் வைத்துவிட்டு, என் முகம் பார்க்காமல் போனாள். சில்லை வைத்துப் பார்த்தேன். மெல்லிய ஓட்டுக்குள் நாலு நாலு செல்களோடு கொக்கிப்புழு முட்டைகள், எண்ண முடியவில்லை. டாக்டரிடம் சொன்னேன். பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் எழுதி ஆளனுப்பினார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வருத்தமும் வரவில்லை. வந்த ஐம்பத்தெட்டும் பெரியவர்களுடையவை அல்ல, அடுத்த வருஷம் முதலிலிருந்து தொடங்குகிறேன் என்று பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பட்டியலை எடுத்து ஒவ்வொரு வரியாக அடித்தேன். முப்பதாவதில் பேனாவில் மை தீர்ந்தது. நிரப்பிக்கொண்டு மீதியையும் அடித்தேன்.