முழங்கால்களின் வரவுசெலவுத் திட்டம்

முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு என்னை எழுப்பி நடக்கவைத்தது, ஊரை விட்டு வந்து நாங்கள் குடியேறிய ஸ்காபரோவில் எங்கள் சமூக நிலையத்தின் வெந்நீர்க் குளம். வயது போனவர்களுக்கென்று அங்கே காலை வகுப்பு. முதலில் வெட்கப்பட்டுக் கரையிலேயே நின்ற எங்கள் தமிழ்ப் பெண்கள், பிறகு தண்ணீருக்குள் நின்று கதைப்பதற்காகவே பஸ் ஏறி வந்தார்கள். அந்தக் குளத்தை மூடப் போகிறோம் என்று நகரசபை அறிவித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளம் போனால் நான் திரும்பவும் கட்டிலோடுதான்.

நகரசபையின் வரவுசெலவுக் கூட்டத்தில் பொதுமக்களும் பேசலாம். முழு வகுப்பும் போனோம். எங்களில் மூத்த அன்ரி கவுன்சிலருக்குப் போர்த்தவென்று பொன்னாடை வாங்கி வந்திருந்தா. நாங்கள் அப்படித்தான். எதைக் கேட்கப் போனாலும் முதலில் போர்த்துவோம், பிறகு கேட்க மறந்துபோவோம்.

"அன்ரி, உந்தப் பொன்னாடையைப் பைக்குள்ள வையுங்கோ. இண்டைக்குக் கும்பிட வரேல்லை" என்றேன்.

ஒரு அதிகாரி விளக்கம் சொன்னார். முதியோர் பெருகிவிட்டார்கள், வரியைக் கூட்டினால் சனம் கத்தும், எங்கேயாவது வெட்டத்தான் வேண்டும். பணக்கார நாடுகள் எல்லாவற்றிலும் இதே கதைதானாம். பொய்யில்லை. ஆனால் அந்த முதியோராகிய நாங்கள் எதிரிலேயே இருந்தோம்; மனுசன் எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மிசிசாகா நகரில் காப்புறுதி அலுவலகத்தில் காலம் தள்ளியவள் நான். கூட்டத்துக்குப் பயந்தவள் இல்லை.

"குளத்தை மூடினால் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவோம். அந்தச் செலவு மாகாண அரசின் தலையில் விழும். உங்கள் கணக்கில் மட்டும் மிச்சம் தெரியும்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு எங்கள் ஆட்கள் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டேன்.

"போன தேர்தலில வோட்டுப் போட்டாக்கள் எல்லாரும் கையைத் தூக்குங்கோ!"

எல்லாக் கையும் எழும்பியது. என்ன கேட்டேன் என்பதைக் கவுன்சிலருக்கு மொழிபெயர்த்தும் சொன்னேன். சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

குளம் தப்பியது! பொருளாதாரம், கடன், வட்டி என்று பத்திரிகைகள் ஆயிரம் காரணம் எழுதட்டும். அந்தக் கைகளையும் ஒரு காரணமாக எழுதத்தான் வேண்டும்.

அடுத்த வகுப்பில் எல்லோருமாகத் தண்ணீருக்குள் இறங்கினோம். மூத்த அன்ரி கழுத்தளவு தண்ணீரில் நின்று சொன்னா:

"ஊரில சண்டை நேரம் அரசாங்கம் எங்களுக்கெண்டு செலவழிச்சது ஷெல்லடிக்கத்தான், பிள்ளை. இஞ்ச சுடுதண்ணிக்குச் செலவழிக்க வைச்சிட்டம்."

 குளம் அதிரச் சிரித்தோம்.