மஞ்சக்கரு வாளியும் மகளின் போனும்

மக்ரூன் சுடுகிறவனுக்கு அடுப்புச் சூடு பழகிவிடும். பெற்ற பிள்ளையைக் கல்லாவில் உட்காரவைத்த சூடு பழகாது. பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு இது புரியும். மகள் ஜெயா போன் கேட்டாள். காசின் அருமை தெரியட்டுமே என்று, "லீவுல ஒரு மாசம் நம்ம கடைக் கல்லாவப் பாரு. நீ மிச்சம் பிடிக்கது பூரா உன் போனுக்கு" என்று வாயைக் கொடுத்தேன்.

உடைசல்

தட்டில் உடைந்து கிடக்கிற மக்ரூனை, வாங்க வருகிறவர்களோடு கூட வரும் சின்னப் பிள்ளைகள் கையில் சும்மா கொடுப்பேன். மறுநாளே அதைப் பொட்டலம் கட்டி, பத்து ரூபாய் என்று எழுதி ஒட்டிவிட்டாள். கால் கிலோ வாங்க வந்த டீச்சரம்மா, பேரன் நீட்டிய கையைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கடைய வித்துட்டியளா?"

இரண்டாவது டீ

கல்லாவிலிருந்து எனக்கு ஒரு நாளைக்கு ஒரு டீதான் என்றாள். அடுத்த டீக்கு, "ஒங்க சொந்தக் காசுல குடிங்கப்பா." என் சொந்தக் காசும் அவள் உட்கார்ந்திருந்த அதே கல்லாவில்தானே கிடக்கிறது! அடுப்படியில் வேலை பார்க்கும் முருகனுக்கு மனசு கேட்கவில்லை.

"வாங்க மொதலாளி, என் சம்பளத்துல வாங்கித் தாரேன்."

வாளி

மக்ரூனுக்கு முட்டையில் வெள்ளைக்கரு மட்டும் போதும். மிஞ்சுகிற மஞ்சக்கரு, எதிர்த்த புரோட்டாக் கடை செல்லையா அண்ணாச்சிக்கு வாளியோடு போகும். சாயந்தரம் அங்கிருந்து எங்கள் வீட்டுக்குப் புரோட்டாவும் சால்னாவும் வரும். இருபது வருசமாக நாங்கள் விலை பேசியதில்லை.

ஜெயா வாளிக்கு எண்பது ரூபாய் கேட்டாள். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே கொடுத்தார். அன்று சாயந்தரம் புரோட்டாவோடு அவரே வந்து ஒரு கணக்குச் சீட்டையும் நீட்டினார்: நூற்று அறுபது ரூபாய். "பெரியப்பா, எங்ககிட்டயே காசு கேக்கியளே?" என்றாள் ஜெயா.

"நீதான தாயி தொடங்கி வச்ச? எனக்கு மட்டும் எழுதத் தெரியாதா?"

உறை

ஒரு வாரம் ரோசத்தில் புரோட்டாவுக்குக் காசு கொடுத்தாள். போன் காசு கரைந்தது. எட்டாம் நாள் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு எதிர்த்த கடைக்குப் போனாள். "இன்னைக்கு என்ன வெல?" என்றார் அண்ணாச்சி. "சும்மாதான் பெரியப்பா" என்றாள், தரையைப் பார்த்தபடி. அன்று சீட்டு இல்லாமல், சால்னா ஒரு கரண்டி கூடுதலாகவே வந்தது. மறுநாளிலிருந்து உடைசலும் சின்னப் பிள்ளைகள் கைக்குத் திரும்பிவிட்டது.

மாசக் கடைசியில் மிச்சத்தை எண்ணினோம். போனுக்கு உறை மட்டும் வாங்கலாம். அவள் முகம் சுண்டிப்போனதை எதிர்த்த கடைப் புரோட்டாக் கல்லிலிருந்தே அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

"நீ உறைய வாங்கு தாயி. போனை உங்கப்பன் தலையில கட்டிருவோம்."

மகளுக்குக் காசின் அருமை தெரிந்ததோ இல்லையோ, போனுக்குத் தவணை கட்டுகிற எனக்கு மாசாமாசம் நன்றாகத் தெரிகிறது.