சுவரில் ஏறிய அக்கா

நகரியில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவள் நான். திருப்பதிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்கு வந்த பிறகுதான் வீதி நாடகம் என்ற ஒன்றைப் பார்த்தேன். ஞாயிறு மாலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் டப்புப் பறை அடித்துக் கூட்டம் சேர்ப்பார்கள். எம்.எல்.ஏ.வாக வருவார்கள், ஒப்பந்தக்காரராக வருவார்கள், ஏன், சாமியாராகக்கூட வருவார்கள். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்ப் படுத்தால் அதே வயிறு எரியும். அந்த எரிச்சலும் எனக்குப் பிடித்திருந்தது.

அந்தக் குழுவில் ஒரு அக்கா தெருப் பெருக்குகிறவராக நடித்தார். புத்தூர் பக்கம். நிஜத்திலும் எங்கள் தெருவைப் பெருக்கியவர்தான். கையுறை கேட்ட குற்றத்துக்காக ஒப்பந்தக்காரர் அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். நாடகத்தில் அதையே தெலுங்கில் கேட்பார். கோபம் மிஞ்சினால் தமிழுக்குத் தாவிவிடுவார். "நா வெறுங்கையில அள்ளிக்கினு கீறேன், நீ ஏசி ரூம்ல குந்திக்கினு துன்னுற" என்பார். கூட்டம் விசில் அடிக்கும். நானும் அடிப்பேன்.

குழுவின் ஓவியர் நாடகம் போடும் தெருவின் நீளச் சுவரில் அக்காவைப் பெரிதாக வரைந்தார். தூக்கிய கையில் துடைப்பம். கீழே தெலுங்கில், 'என் வேலையைக் கொடு'. அதிகாரிகளின் வண்டி போகிற வழி அது. பார்த்து யாராவது கூப்பிடுவார்கள் என்று அக்கா நம்பினார். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது.

ஆனால் அது ஆண்கள் ஒதுங்கும் சுவர். மறுநாளே அக்காவின் இடுப்பு வரை ஈரம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாலு பேரையாவது அடித்திருப்பேன். ஓவியர் அலட்டிக்கொள்ளவில்லை. சாமி படம் இருக்கிற சுவரில் எங்கள் ஊரில் எவனும் நிற்கமாட்டான். அக்காவின் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு வைத்து, கன்னத்தில் மஞ்சள் பூசினார். "இனிமே எவன் வரான்னு பாக்கலாம்" என்றார். எவனும் வரவில்லை. என்ன மூளை என்று நாங்கள் அவரை மெச்சிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அடுத்து வேப்பிலை வந்தது. துடைப்பத்துக்கு மேல் மஞ்சள் துணி ஏறியது. பிறகு சுவரின் கீழ்ப்பகுதி முழுக்கக் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தார்கள். அக்கா கேட்ட வேலை அந்தப் பட்டைக்கு அடியில் போய்விட்டது. எழுத்தைத் திரும்ப எழுதலாம் என்று ஓவியர் பெயின்ட் டப்பாவோடு போனார். பக்கத்துப் பூக்கடைக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார். "அம்மவாரு மேல கை வெக்காத நைனா." நாடகத்தையும் வேறு தெருவில் போடச் சொல்லிவிட்டார்கள். அம்மன் எதிரில் செருப்புக் காலோடு குதிக்கிறார்களாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். "நல்லாப் பாருண்ணா. அது அம்மன் இல்ல, இந்த அக்காதான்" என்றேன்.

பூக்கடைக்காரர் சுவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "ஆமா, ஜாடை கீது. குடுத்து வெச்சவங்க" என்று சொல்லி, ஒரு முழம் கதம்பத்தை அக்கா கையில் வைத்தார். அதற்குமேல் என்ன சண்டை போடுவது? எனக்கு அழுகைதான் வந்தது. அக்கா பூவை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

போன வாரம் வேலைக்குப் போகும்போது அக்காவைப் பார்த்தேன். செருப்பை ஓரமாக விட்டுவிட்டு அந்தச் சுவருக்கு முன்னால் பெருக்கித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பூக்கடைக்காரர் வரச் சொன்னாராம். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"சம்பளம் இன்னாக்கா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சாமிகிட்ட எப்பிடிமா கூலி கேக்கறது?"