கப்பலில் போனவளுக்கு ஓர் அகப்பை

எங்கள் ஊரில் எனக்கு வாய்க்காரி என்று பேர். மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள், யாருக்கும் பயப்பட மாட்டாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரொம்ப நாள் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முந்தின வருஷத்து ஆடியில் அந்த அம்மா வந்து போன பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

அந்த அம்மா கரீபியன் கடலில் இருக்கிற ஒரு தீவுக்காரர். அறுபது தாண்டியவர். பார்த்தால் கச்சிராயபாளையம் சந்தையில் காய் வாங்க வந்தவர் போல இருப்பார், வாயைத் திறந்தால் பிரெஞ்சு. இங்கிலீஷ் கொஞ்சம் உடைத்து உடைத்துப் பேசுவார். அவருடைய கொள்ளுப்பாட்டி எந்தக் காலத்திலோ புதுச்சேரியில் கப்பலேறி அந்தத் தீவின் கரும்புத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனவள். கொள்ளுப்பாட்டியின் ஊரைத் தேடிக்கொண்டு புதுச்சேரிக்கு வந்தவரை, அங்கே ஓட்டலில் வேலை பார்க்கிற என் பழைய மாணவன், "எங்க டீச்சருக்கு இங்கிலீஷ் தெரியும், ஊரும் அந்தப் பக்கம்தான்" என்று சொல்லி என்னிடம் அனுப்பிவைத்தான்.

அவர் கையில் ஒரு தாள் இருந்தது. கப்பலேற்றும்போது எழுதிய பதிவின் நகல். கொள்ளுப்பாட்டியின் பெயர், அவளுடைய அப்பா பெயர், வயது, ஊர். ஊர்ப் பெயரைப் பிரெஞ்சுக்காரன் கன்னாபின்னாவென்று எழுதியிருந்தாலும் எங்கள் ஊர்தான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கோமுகி அணைக்குக் கீழே, மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரிகிற சின்ன ஊர். சந்தோஷத்தில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்புறம்தான் ஊருக்குக் கீழே சாதி என்று ஒரு கட்டமும் இருப்பதைப் பார்த்தேன். அதில் எழுதியிருந்ததை வைத்துப் பார்த்தால் அவள் ஊர்த்தெருக்காரி இல்லை. காலனிக்காரி.

"இது என்ன?" என்று அந்தக் கட்டத்தைத் தொட்டுக் கேட்டார் அந்த அம்மா.

"பழைய காலத்தில் எதையாவது எழுதிவைப்பார்கள். இப்போது அதற்கு அர்த்தம் இல்லை" என்றேன். அவரும் அதோடு விட்டுவிட்டார்.

நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் ஊரில் சாகை வார்க்க இரண்டு நாள்தான் இருந்தது. ஆடி மாதம் எங்கள் பக்கத்தில் மாரியம்மனுக்குச் சாகை வார்ப்போம். வீட்டுக்கு வீடு கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, பானைக்கு வேப்பிலை கட்டி, தலையில் சுமந்து மேளத்தோடு கோயிலுக்குக் கொண்டுபோவோம். அங்கே ஒரு பெரிய கொப்பரை வைத்திருப்பார்கள். எல்லார் வீட்டுக் கூழையும் அதில் ஒன்றாக ஊற்றிப் படைத்து, பிறகு எல்லாருக்கும் வார்ப்பார்கள். எல்லாருக்கும் என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டேன். ஊர்த்தெருவில் இருக்கிற எல்லாருக்கும். காலனிக்குத் தனிக் கோயில், தனிக் கொப்பரை, ஒரு வாரம் கழித்துத் தனிச் சாகை.

அந்த அம்மா வந்ததே இதற்காகத்தான். கொள்ளுப்பாட்டி கும்பிட்ட அம்மனுக்குத் தன் கையால் ஒரு பானை கொண்டுபோய் வைக்க வேண்டும், அவளுடைய சனங்களில் ஒருவரையாவது கண்ணால் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் என்னிடம் முதல் நாளே சொன்னார். "அவர்கள் என்னைத் தெரியாது என்று சொன்னாலும் பரவாயில்லை. முகத்தைப் பார்த்தால் போதும்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அவர்கள் ஊர்த் திருவிழா வீடியோக்களைப் போனில் காட்டினார். கரும்புக் காட்டுக்கு நடுவில் சிவப்பும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்த சின்ன மாரியம்மன் கோயில். வைக்கோலைக் கொளுத்தி மேளத்தின் தோலைக் காய்ச்சுகிறார்கள். ஒருவர் கத்தி முனையில் ஏறி நின்று அருள்வாக்குச் சொல்கிறார். பெண்கள் நோட்டைப் பார்த்துத் தமிழ்ப் பாட்டுப் பாடுகிறார்கள், பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்தது. அர்த்தம் ஒருவருக்கும் தெரியாதாம். பூசை முடிந்ததும் வாழையிலையில் சோறும் ஆட்டுக்கறியும். ஆப்பிரிக்க வம்சத்துக்காரர்கள், இரண்டு மூன்று வெள்ளைக்காரர்கள், நம் சாயலில் இருப்பவர்கள், எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அடுத்த வீடியோவில் கார்னிவல். கோயிலில் பாடிய அதே பெண்கள் தலையில் இறகு வைத்துக்கொண்டு தெருவில் ஆடுகிறார்கள். "அம்மனுக்கு ஒரு நாள், கார்னிவலுக்கு ஒரு வாரம், இரண்டுக்கும் அதே ஆட்கள்" என்று சிரித்தார். பிறகு, "உங்கள் திருவிழாவுக்கும் எல்லாரும் வருவார்களா?" என்று கேட்டார்.

"எல்லாரும் வருவார்கள்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு நாக்குக் கூசியது. வீட்டுக்கு வந்தவரிடம் எங்கள் லட்சணத்தைச் சொல்ல மனசு வரவில்லை.

மறுநாள் என் கணவரின் அண்ணன் வந்தார். கோயில் காரியங்களுக்கு அவர்தான் பெரியதனம். நான் மாமா என்று கூப்பிடுவேன். அந்த அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, பானை எடுக்கணும்னு கேக்கறாங்களாமே. எந்த வகையறா?"

"நம்ம வகையறாதாங்க மாமா. பதிவுல இருக்குது."

"பாத்தியா?"

"பாத்துட்டேங்க."

"அப்ப சரி. மொத வரிசையில நிக்கச் சொல்லு. எங்கியோ கண்காணாத சீமையிலேர்ந்து வந்துகீறாங்க" என்றார். அவர் நல்ல மனுஷர்தான், அதையும் சொல்ல வேண்டும். அவருடைய நல்லதனத்துக்கு ஒரு எல்லை இருந்தது. அந்த எல்லை எங்கே என்று தெரிந்துதான் நான் பொய் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாவுக்கு மஞ்சள் புடவை கட்டிவிட்டேன். கூழை அவரே கிண்டினார். கட்டி தட்டாமல் கிண்டத் தெரிந்திருந்தது, அவர்கள் ஊரிலும் ஏதோ மாவில் இப்படிக் கிண்டுவார்களாம். பானையைத் தலையில் வைத்ததும் ஒரு கையை விட்டுவிட்டு நடந்தார். எங்கள் தெருப் பெண்களே அசந்துபோனார்கள். கோயிலில் கொப்பரைக்கு முன்னால் நின்று அவர் பானையைக் கவிழ்த்தபோது தாரை தாரையாகக் கண்ணீர் வந்தது. அப்படியே நின்று அவர்கள் ஊர்ப் பாட்டை ஆரம்பித்தார். வார்த்தைகள் தேய்ந்துபோயிருந்தன, ஆனாலும் அம்மன் பாட்டு என்பது தெரிந்தது. மேளக்காரர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு மெல்ல அடி சேர்த்தார். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அப்போது எவ்வளவு பெருமை தெரியுமா. காலனிக்காரியின் கொள்ளுப்பேத்தி கையால் காய்ச்சிய கூழை ஊரே கையேந்திக் குடிக்கிறது, யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். ஏதோ பெரிய புரட்சி செய்துவிட்டதாக உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். எவனுக்கும் தெரியாமல், எதையும் இழக்காமல் செய்கிற புரட்சி. இப்போது நினைத்தால் என்னையே ஓங்கி அறையலாம் போலிருக்கிறது.

கொள்ளுப்பாட்டியின் சனங்கள் எங்கே என்று அன்று மாலை கேட்டார். அந்தக் குடும்பத்தில் இப்போது யாரும் இல்லை, ஆனால் இந்தத் தெருவே உங்கள் சனம்தான் என்று சொல்லி, மாமா வீட்டு ஆட்களோடு நிற்கவைத்துப் படம் எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒவ்வொருவர் கன்னத்தையும் தொட்டுப் பார்த்தார். சனிக்கிழமை காலையில் புதுச்சேரிக்குத் திரும்பினார். அடுத்த சனிக்கிழமைதான் அவருக்கு விமானம்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், சத்துணவு சமைக்கிற அக்கா என்னிடம் வந்தார். காலனிக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அந்த நாளில் நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன்.

"டீச்சர், கப்பல்ல போனவங்க வூட்டு அம்மா ஒண்ணு வந்துச்சாமே உங்க தெருவுக்கு."

"ஆமாம்" என்றேன்.

"எங்க வூட்லியும் ஒருத்தி கப்பல்ல போயிருக்கா டீச்சர். எங்க ஐயாவுக்குப் பாட்டிக்குத் தங்கச்சி. சாகை வாக்கும்போது மொத அகப்பை அவளுக்குத்தான். கெழக்குப் பாத்துக் கீழ ஊத்திட்டு, பேரைச் சொல்லிக் கூப்புட்டு, வந்து குடிச்சிட்டுப் போடின்னு சொல்லணும். அப்பறம்தான் சாமிக்கே. இன்னிய வரைக்கும் நாங்க வுட்டதில்ல" என்றார்.

நான் அந்தப் பெயரைக் கேட்டேன். சொன்னார். தாளில் இருந்த பெயர். அவளுடைய அப்பா பெயரையும் கேட்டேன். அதுவும் அதே பெயர். இங்கே அவற்றை எழுதப்போவதில்லை, எழுத எனக்கு அருகதை இல்லை.

"வர்ற வெள்ளிக்கிழமை எங்க சாகை. அந்தம்மா இருந்தா இட்டாந்து காட்டுங்க டீச்சர். அந்தச் சீமை எப்பிடி இருக்குதுன்னு கேக்கலாம்" என்றார். தன் சொந்தக்காரர் என்று அவருக்குத் தெரியாது. ஆசையில் கேட்டார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. புதுச்சேரி ஒன்றும் கடல் கடந்து இல்லை, காரில் மூன்று மணி நேரம். ஒரு போன் போட்டால் அந்த அம்மா செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்திருப்பார். ஆனால் அவர் காலனியில் கால் வைத்தால் ஏன் என்று ஊர் கேட்கும். காலனிப் பானையை ஊர்க் கொப்பரையில் கவிழ்க்கவைத்தவள் யார் என்று வரும். கொப்பரையையே மாற்றுவார்கள், எங்கள் வீட்டைச் சாகையிலிருந்து தள்ளிவைப்பார்கள். மாமா என் முகத்தில் விழிக்க மாட்டார். அந்த மாதம் என் பெண்ணுக்கு ரிஷிவந்தியம் பக்கத்தில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தோம். அதுவும் நின்றுபோகும். அவளை நினைத்துத்தான் பயந்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. வாய்க்காரி என்று பேர் எடுத்தவளுக்கு மாமாவை நேருக்கு நேர் பார்த்துப் பேசத் தைரியம் இல்லை என்பது மீதிப் பாதி.

புதன்கிழமை அந்த அம்மாவே கூப்பிட்டார். "எனக்கு இன்னும் மூன்று நாள் சும்மாதான் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் பார்க்க வேறு ஏதாவது திருவிழா உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை, எல்லாம் முடிந்துவிட்டது" என்றேன்.

வெள்ளிக்கிழமை மதியம் காலனிப் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டது. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரே தாளை மூன்று தடவை திருத்தினேன்.

பெண்ணுக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. இனிமேல் சொல்லிவிடலாம் என்று பல நாள் போனைக் கையில் எடுத்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் வைத்துவிடுவேன். அந்த அம்மா அடிக்கடி படம் அனுப்புவார். மாமா குடும்பத்தோடு எடுத்துக்கொண்ட படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு அவர்கள் ஊர்க் கோயிலில் மாட்டியிருக்கிறார். பூசைக்கு வருகிறவர்களிடம், இவர்கள்தான் என் சனம் என்று காட்டுவாராம்.

இந்தத் தையில் பள்ளிக்கூடத்தில் பொங்கல் விழா வைத்தோம். எல்லாம் முடிந்து நாலரை மணிக்கு, நானும் சமையல் அக்காவும் பானைகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வீடியோவில் கூப்பிட்டார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. அவர்களும் பொங்கல் வைக்கிறார்களாம். கோயில் வாசலில் முப்பது நாற்பது பேர் நின்றுகொண்டு கையாட்டினார்கள். என் தோளுக்குப் பின்னாலிருந்து அக்காவும் எட்டிப் பார்த்தார். அக்காவுக்கும் அந்த அம்மாவுக்கும் ஒரே நெற்றி, ஒரே மூக்கு. திரையின் மூலையில் என் முகமும் அக்கா முகமும் சின்னதாகத் தெரிந்ததால் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

"வணக்கம்மா" என்றார் அக்கா.

"வணக்கம்" என்றார் அந்த அம்மா. அவருக்குத் தெரிந்த ஒரே பேச்சுத் தமிழ் அது. பிறகு அக்காவையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் இங்கிலீஷில் கேட்டார். "இவரை நான் அங்கே பார்க்கவில்லையே. இவரும் என் சனமா?"

"இல்லை. இங்கே சமையல் வேலை செய்கிறவர்" என்றேன்.

"இன்னா டீச்சர் கேட்டாங்க?" என்றார் அக்கா.

"நல்லா இருக்கீங்களான்னு கேட்டாங்க."

"நல்லா இருக்கோம்னு சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.