முதலைக்குட்டி என்று சொன்னேன்

காய்ந்த கோரைப்புல்லுக்குள் யாரோ ஈரத்துணியை இழுத்துக்கொண்டு போவதுபோல ஒரு சத்தம். கரையான்சாவடியைத் தாண்டிக் கூவம் ஆறு வளைகிற இடத்தில், என் பத்தாவது வயதில், முதலில் கேட்டது அதைத்தான், உடும்பைப் பார்த்தது அப்புறம். அதன் நாக்கு பாம்பினுடையதைப்போலப் பிளந்திருந்தது, வெயில் ஏறினால் கரைக்கல்லின் மேல் கிடந்தது, ஆளரவம் கேட்டால் தண்ணீருக்குள் நழுவி எதிர்க்கரையில் தலை தூக்கியது, நண்டை ஓட்டோடு விழுங்கியது. இவ்வளவையும் தெரிந்துகொள்ளக் கோடை விடுமுறை முழுவதையும் செலவழித்தேன் என்றால் என் பைத்தியத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு அம்பத்தூரில் வேலை கிடைத்து, நாங்கள் திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. "இந்த ஊர்க்காரங்க உடும்பக் கண்டா விடமாட்டாவ, கறி வச்சிருவாவ" என்று அம்மா எங்கேயோ கேள்விப்பட்டதைச் சொல்லியிருந்தாள். ஆகவே ஆற்றோரம் கீரை பயிரிட்டவரும், தெருவே 'நைனா' என்று கூப்பிட்டவருமான முனுசாமி, "இன்னா பாப்பா, டெய்லி அங்க இன்னாத்த பாத்துகினு கீற?" என்று கேட்டபோது கோரையை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"முதலைக்குட்டி" என்றேன். பயந்து ஒதுங்கிவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

அவர் ஒதுங்கவில்லை. கீரை கழுவ ஆற்றில் இறங்கும் பெண்களை நினைத்துப் பதறி ஊரைத் திரட்டினார். சாயங்காலத்துக்குள் புதுக் குடித்தனக்காரர்களும் தடியோடு வந்து, கோரையிலிருந்து ஓடியதை அடித்துப் போட்டுவிட்டார்கள். நைனா அதைப் புரட்டிப் பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"அட, உடும்பு! இத்தப் போய் அடிச்சிட்டோமே. எலிய, பாம்பு முட்டைய துன்னுகினு அது பாட்டுக்குத் தோட்டத்தாண்ட கெடக்கும். எங்கப்பன் காலத்துலேர்ந்து நாங்க கை வெச்சதில்ல" என்றவர், என் பக்கம் கைகாட்டி, "வெளியூர்லேர்ந்து வந்த கொயந்த, தெரியாம சொல்லிச்சு, உடுங்க" என்று எல்லோரையும் சமாதானப்படுத்தினார்.

நான் அழுதேன், பயத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இன்று உடும்பைப் பற்றிக் கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். நம் சட்டம் அதைப் புலியோடு ஒரே அட்டவணையில் வைத்துக் காக்கிறது. அருகிவரும் உயிரினங்களின் உலகப் பட்டியலோ ஆபத்தை நெருங்கிக்கொண்டிருக்கும் இனம் என்கிறது. வேட்டை, தோல், சுருங்கும் வாழிடம் என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. கோரை இருந்த இடத்தில் இப்போது கான்கிரீட் சுவர். கீரைத்தோட்டம் மனை மனையாக விற்றுப்போய் வீடுகளாகிவிட்டது.

போன மாதம் கடைத்தெருவில் நைனாவைப் பார்த்தேன். உடும்பு ஏதாவது கண்ணில் படுகிறதா என்று கேட்டேன். "எங்க பாப்பா, ஒண்ணு கூட காணோம்" என்றார். அவரை நம்பாமல்தான் அன்றைக்குப் பொய் சொன்னேன் என்பதை அப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.