வெளுத்துப்போன சிவப்பு

உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்குக் கண் கெட்டால் யாரும் காரணம் தேடுவதில்லை. வெயில் உப்பில் பட்டு மூஞ்சியில் அடிக்கும். கண் கூசும், நீர் வழியும், நாளாக நாளாக மங்கும். எங்களுக்குத் தெரிந்த கதை. அதனால்தான் சுனாமிக்கு அடுத்த கோடையில் என் வலது கண் மங்கியபோது நான் உட்பட யாரும் பதறவில்லை. எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

முதலில் வலிதான் வந்தது. கண்ணைச் சும்மா வைத்திருந்தால் ஒன்றுமில்லை. திருப்பினால் உள்ளே பிடித்து இழுத்தது. அப்புறம் பார்வையின் நடுவில் புகை படிந்தது. காலையில் உப்புப் பாத்தியில் இறங்கும்போது பரவாயில்லை. வெயில் ஏறி, பலகையால் உப்பை இழுத்து இழுத்து உடம்பு காய்ந்ததும் புகை கெட்டியாகும். கொட்டகை நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் கொஞ்சம் விலகும்.

"இதுக்கு மேல இன்னாம்மா சாட்சி வேணும்? உப்புக் கூச்சந்தான்" என்றார் மேஸ்திரி. கண் கூசுகிறவர்களைக் கொட்டகையில் மூட்டை தைக்க உட்கார வைப்பது எங்கள் அளத்து வழக்கம். என்னையும் உட்கார வைத்தார். வீட்டில் நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்துக் கட்டிக்கொண்டு படுத்தேன். மழைக்கு முன்பே பார்வை திரும்பிவிட்டது. பூவையும் நிழலையும் கும்பிட்டுவிட்டு மறுபடி பாத்தியில் இறங்கினேன். இது தானாக வந்து தானாகப் போகிற ரகம் என்று எங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

முழுதாகத் திரும்பவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். வலது கண்ணால் பார்த்தால் என் கல்யாணப் புடவையின் சிவப்பு, பலமுறை துவைத்தது மாதிரி வெளுத்திருந்தது. இதைப் போய் யாரிடம் சொல்வது? சிரிப்பார்கள். ஆனால் குருடியாகிவிடுவேனோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. கண்ணைக் காப்பாற்றினால் வெள்ளியில் கண்மலர் சாத்துகிறேன் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் இடது கால் மரத்தது. நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நிற்பவர்களுக்குக் கால் மரப்பதும் தெரிந்த கதைதான். அந்தப் பழியையும் உப்பின் தலையிலேயே போட்டோம்.

வலது கண் மறுபடி மங்கிய பிறகுதான் வீட்டுக்காரர் என்னைப் புதுச்சேரிக்குக் கூட்டிப் போனார். கண் டாக்டர் ஒரு மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியை ஒவ்வொரு கண்ணுக்கும் காட்டி, "ரெண்டுலயும் ஒரே சிவப்பா தெரியுதா?" என்று கேட்டார்.

"வலதுல வெளுத்துத் தெரியுதுங்க."

ஒரு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததை அவராகவே கேட்டதும் அழுதுவிட்டேன். பிறகு சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, வெகு நேரம் உள்ளே பார்த்தார். "கை கால் மரத்துப்போவுதாம்மா?" என்றார். கண் டாக்டருக்குக் கால் எதற்கு என்று வீட்டுக்காரர் முழித்தார்.

ஸ்கேன் எடுத்த பிறகு பெயர் சொன்னார்கள்: மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ். நரம்புகளின் மேலுறையை உடம்பே அரித்துவிடுகிறதாம். விழித்திரையில் கண்நரம்பு வந்து சேரும் இடம் வெளுத்துக் கிடந்ததாம். போன வருஷத்து மங்கல்தான் முதல் அடையாளமாம்.

"உப்பால வர்ற நோய் இல்லம்மா இது. உடம்புல சூடு ஏறினா மங்கல் அதிகமாவும், அவ்ளோதான்" என்றார் டாக்டர்.

"கண்ணு போயிடுங்களா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"பார்வை பெரும்பாலும் நிக்கும். எனக்குக் கவலை காலைப் பத்தித்தான்."

வீட்டுக்காரருக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு போவாதுன்னு சொல்லிட்டாரு. அது போதும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எரிச்சலாக வந்தது. அவர் முகம் தெளிந்திருந்ததைப் பார்த்துத் தலையாட்டினேன்.

மரக்காணத்தில் இறங்கும்போது உச்சி வெயில். இடது கால் படியில் இருக்கிறதா, தரைக்கு வந்துவிட்டதா என்று தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். செருப்பு பஸ் படியிலேயே கழன்று கிடந்தது. வெறுங்கால் தார் ரோட்டில் ஊன்றியிருந்தது. சுடவே இல்லை.